மூன்று கோடு, 38 லேயர்

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருந்தது. பெங்களூரில் இருக்கும் தங்கை வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். அம்மா எங்கள் வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலம், போன வருடம் ஊருக்கு வந்தபோது அவளே எடுத்தது. கீழே ஒரே ஒரு கேள்வி: “அக்கா, இது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னக் கோலம்தான், மொத்தம் 13 புள்ளி. நடு வரிசையில் 5, அதற்கு மேலும் கீழும் மும்மூன்று, நுனிகளில் ஒவ்வொன்று. ஆனால் திரையில் விரலை வைத்துக் கோட்டைத் தொடர்ந்தால் நாலைந்து வளைவுக்குள் தவறிவிடுகிறது. போட்டு முடித்த கோலத்தில் கோடு இருக்கிறது, வரிசை இல்லை. அவளுக்கு வேண்டியது வரிசை.

வீடியோ எடுத்து அனுப்பலாமே என்றுதான் முதலில் தோன்றியது. எடுத்தும் பார்த்தேன். விடிகாலை இருட்டு, தெருவிளக்கு ஒரு பக்கமாக விழுகிறது, பாதி நேரம் அம்மாவின் முதுகு, மீதி நேரம் கையின் நிழல். அம்மாவுக்கு 67 வயது. “இன்னொரு தடவை இந்தப் பக்கமா உட்கார்ந்து போடும்மா” என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

நான் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் டிசைன் செய்கிறவள். லேயர், அதாவது கணினியில் ஒரு படத்தைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் அடுக்கு, என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதுவரை லேயர் என்பது எனக்கு ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிற விஷயமாக மட்டும்தான் இருந்தது: பிள்ளையார் மேலே, பார்டர் கீழே. ஒன்றன்பின் ஒன்று வருகிற விஷயமாகவும் அதைப் பார்க்கலாம் என்பது அந்த வாரம்தான் உறைத்தது. கோலம் வளைவு வளைவாக வளர்கிற மாதிரி ஒரு நகரும் படம் செய்து தங்கைக்கு அனுப்பிவிடலாமே! வீட்டில் பழைய லேப்டாப், அதில் காசு கொடுக்காமல் கிடைக்கும் கிம்ப் என்ற பட மென்பொருள். அதில் நகரும் படம் செய்வதற்குத் எது எப்போது வரும் என்று அடுக்கிக் காட்டும் தனி டைம்லைன் எதுவும் கிடையாது. லேயர் அடுக்கு எதுவோ அதுதான் டைம்லைன். அடியில் இருக்கும் லேயர் முதல் ஃபிரேம், அதாவது முதலில் தெரியும் படம், உச்சியில் இருப்பது கடைசி ஃபிரேம். அசையும் படத்துக்கான ஜிஃப் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யும்போது ‘அனிமேஷனாக’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் முடிந்தது. அந்த டிக்கை மறந்தால் அசையாத ஒரு படம்தான் கிடைக்கும். நான் இரண்டு முறை மறந்தேன்.

முதல் முயற்சியில் ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்தேன். முழுக் கோலத்தையும் ஒரு லேயரில் வரைந்துவிடுவது. அதை நகலெடுத்து, கோட்டின் கடைசித் துண்டை அழிப்பது. அந்த நகலை மறுபடி நகலெடுத்து இன்னொரு துண்டை அழிப்பது. இப்படியே பின்னால் போனால் கடைசியில் புள்ளி மட்டும் மிஞ்சும். முன்னோக்கி வரைவதைவிட இது சுலபம். ஒவ்வொரு ஃபிரேமிலும் கோடு அதே இடத்தில், அதே தடிமனில் இருக்கும், கை நடுங்கினால் தெரியாது.

ஃபில்டர்ஸ் மெனுவில் அனிமேஷன், அதில் பிளேபேக். ஓட்டிப் பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே முழுக் கோலமும் வந்து, கடைசி வரை அப்படியே அசையாமல் நின்றது. முழுக் கோலம் அடியில், வெறும் புள்ளி உச்சியில் அல்லவா இருக்கிறது! லேயர் மெனுவில் ஸ்டாக் என்பதற்குள் அடுக்கை அப்படியே தலைகீழாகப் புரட்டும் கட்டளை ஒன்று உண்டு. அழுத்தினேன். இப்போது தரை நிறம் பூசிய பின்னணி லேயரும் சேர்ந்து புரண்டு உச்சிக்குப் போய்விட்டது. கோலம் வளர்ந்து வளர்ந்து, முடிகிற நேரத்தில் மேலே சிமெண்ட் பூசிய மாதிரி ஆனது. பின்னணியை மட்டும் கையால் இழுத்து அடியில் போட்டதும் சரியானது.

ஆனால் இந்த வழியைக் கெடுத்தது வேறொன்று. சிக்குக் கோலத்தில் கோடு கோட்டைக் குறுக்கே வெட்டும். ஒரு துண்டை அழிக்கும்போது அந்தச் சந்திப்பில் இருக்கும் மற்ற கோட்டிலும் ஓட்டை விழும். படம் ஓடும்போது அந்த ஓட்டைகள் எலி கடித்த மாதிரித் தெரிந்தன. குறுக்கே வெட்டாமல் வளரும் எதற்கும், எழுத்து, கொடி, பாதை இவற்றுக்கெல்லாம், இந்தப் பின்னோக்கி அழிக்கும் முறை அருமை. தன்னையே வெட்டிக்கொள்ளும் கோட்டுக்கு ஆகாது.

சரி, ஒரு வளைவுக்கு ஒரு லேயர் என்று முன்னோக்கியே போகலாம் என்று முடிவு செய்து, முதலில் காகிதத்தில் கோட்டைத் தொடர்ந்து எண்ணினேன். அங்கேதான் அடுத்த வேடிக்கை. இத்தனை வருடமாக அது ஒரே கோட்டில் போடும் கோலம் என்றே நினைத்திருந்தேன். மேல் நுனிப் புள்ளியில் தொடங்கி 16 வளைவு போனதும் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து மூடிக்கொண்டது. பாதிக் கோலம் இன்னும் மீதி இருந்தது! தப்பாக எண்ணிவிட்டேன் என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கடைசியில் அம்மாவிடம் கேட்டேன்.

“ஏண்டி, அது மூணு கோடுதானே? வெளிச்சுத்து ஒண்ணு. அப்புறம் இந்தப் பக்கம் சாய்ச்சு ஒண்ணு, அந்தப் பக்கம் சாய்ச்சு ஒண்ணு. மூணு தடவை கை எடுப்பேன். நீ பார்த்ததே இல்லையா?”

பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. எண்ணியபோது தெரிந்தது இது: நான்கு நுனியிலும் முடிச்சு விழுந்த சாய்சதுரம் ஒன்று, 16 வளைவு. அதற்குக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இரண்டு நீள்வட்டங்கள், ஒவ்வொன்றிலும் 8 வளைவு. மொத்தம் 32. புள்ளி வைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. அம்மா நடு வரிசையின் 5 புள்ளியை முதலில் வைப்பார், அதன்பின் மேலே 3, கீழே 3, கடைசியில் நுனிகள். அதற்கு ஐந்து லேயர். பின்னணி ஒன்று. ஆக 38.

கணினியைத் தொடும் முன் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் முதல் இரண்டு நாள் வீணாகியிருக்காது. எது அசையாமல் நிற்கும், எது புதிதாக வரும், எந்த வரிசையில் வரும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது பத்து நிமிட வேலை.

இரண்டாவது முயற்சிக்குப் படத்தின் அளவை 840க்கு 840 பிக்சல் என்று வைத்தேன். 70 பிக்சலுக்கு ஒரு கட்டம் போட்டு, கட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் வசதியைப் போட்டுவிட்டேன். புள்ளிகள் 140 பிக்சல் இடைவெளியில். அப்போது கோடுகள் வெட்டும் இடங்கள், அதாவது இரண்டு புள்ளிகளுக்கு நடு, தானாகவே கட்டத்தின் மேல் விழும். மவுஸால் கோலம் போட்டால் குழந்தை போட்ட மாதிரி இருக்கும். அதனால் பாத் டூலில் வளைவை அமைத்து அதன்மேல் கோடு ஓடவிட்டேன். தடிமன் எங்கும் ஒரே மாதிரி வந்தது.

இங்கே ஒரு சோம்பேறி வழி கிடைத்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது. கோலம் நான்கு பக்கமும் ஒரே மாதிரிதானே. வெளிச்சுற்றில் நான்கு வளைவு மட்டும் வரைந்தேன். அந்த நான்கு லேயரையும் நகலெடுத்து 90 டிகிரி திருப்பினால் அடுத்த நான்கு, இன்னும் திருப்பினால் அதற்கடுத்த நான்கு, இப்படியே 16. நீள்வட்டத்துக்கும் நான்கு வரைந்து 180 டிகிரி திருப்பினால் 8. அந்த நீள்வட்டத்தையே 90 டிகிரி திருப்பினால் இரண்டாவது நீள்வட்டம். 32 வளைவில் நான் கையால் வரைந்தது எட்டுதான். ஒரு நிபந்தனை உண்டு: லேயர் ஒவ்வொன்றும் முழுப் படத்தின் அளவிலேயே இருக்க வேண்டும். லேயர் திரும்புவது தன் நடுப்புள்ளியை வைத்துத்தான். சின்னதாக வெட்டி ஒட்டிய லேயரைத் திருப்பினால் அது இருந்த இடத்திலேயே சுழலும். முதலில் எனக்கு அப்படித்தான் ஆனது, ஏன் என்று புரிய ஒரு மணி நேரம் போனது. லேயரைப் படத்தின் அளவுக்கு விரிக்கும் கட்டளை லேயர் மெனுவிலேயே இருக்கிறது.

ஓட்டிப் பார்த்தேன். கிம்ப் தானாக வைக்கும் வேகம் ஃபிரேமுக்கு 100 மில்லி செகண்ட். 38 ஃபிரேம், நாலு செகண்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோலம் போட்ட மாதிரி இல்லை, கோலம் வெடித்த மாதிரி இருந்தது.

படம் வரைவதில் செலவிட்ட நேரத்தில் பாதியையாவது வேகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று இப்போது சொல்வேன். கிம்ப்பில் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் லேயரின் பெயரிலேயே எழுதலாம். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் எண்ணும் இடைவெளி விடாமல் எம், எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்தும். அவ்வளவுதான். வெறும் தரை அரை செகண்ட். புள்ளி வரிசைகள் 400 மில்லி செகண்ட். வளைவுகள் 200. ஒரு கோடு முடிந்து அம்மா கை எடுக்கும் இரண்டு இடத்திலும் 800. கடைசிக் கோலம் மூன்று செகண்ட் அப்படியே நிற்கும். எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 13 செகண்ட். அந்த 800 போட்டபிறகுதான், எழுத்தோ அம்போ எதுவும் இல்லாமல், இது மூன்று கோடு என்பது பார்க்கிறவர்களுக்குத் தானாகப் புரிந்தது.

வேகம் பற்றி இன்னும் ஒன்று. ஜிஃப்பில் நேரம் ஒரு செகண்டின் நூறில் ஒரு பங்காகத்தான் பதிவாகும், அதாவது 10 மில்லி செகண்ட் படிகளில். 20க்குக் கீழே போனால் பிரவுசர்கள் அதை மதிக்காமல் 100 என்று எடுத்துக்கொள்ளும். வேகமாக ஓட வேண்டும் என்று 10 போட்டால் படம் மெதுவாகிவிடும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது இன்னொரு கேள்வி வரும். புதிய ஃபிரேம் பழையதன்மேல் சேர வேண்டுமா, பழையதை நீக்கிவிட்டு வர வேண்டுமா? முதலாவது கம்பைன், இரண்டாவது ரிப்ளேஸ். கோலம் வளர்வதற்குக் கம்பைன் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஒவ்வொரு லேயரிலும் புதிய வளைவு மட்டும் இருந்தால் போதும், பழையது எல்லாம் தரையிலேயே கிடக்கும். மாவு எப்படியோ அப்படி.

தங்கைக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு, “நல்லா இருக்குக்கா, ஆனா கோடு இப்போ எங்க போயிட்டிருக்குன்னு கண்ணு தேடுது. நுனியில ஒரு சிவப்புப் பொட்டு மாதிரி வை” என்றாள்.

நல்ல யோசனை. ஒவ்வொரு வளைவின் நுனியிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து ஓட்டினேன். கம்பைனில் எதுவும் போகாதே, பொட்டும் போகவில்லை. கோலம் முடிந்தபோது அம்மை போட்ட மாதிரி முழுக்கச் சிவப்பு. சரி என்று ரிப்ளேஸுக்கு மாற்றினேன். இப்போது தரையும் இல்லை, பழைய வளைவுகளும் இல்லை. வெறும் வெளியில் ஒரு துண்டு வளைவு துள்ளித் துள்ளிப் போனது. ரிப்ளேஸ் என்றால் ஒவ்வொரு லேயரும் தன்னளவில் முழுப்படமாக இருக்க வேண்டும்: தரை, அதுவரை போட்ட கோடுகள், பொட்டு எல்லாம். அசையும் பொருள் இடம் மாறுகிறது என்றால் இதைத் தவிர வழியில்லை.

கைகொடுத்தது லேயர் மெனுவில் இருக்கும் ‘நியூ ஃபிரம் விசிபிள்’. திரையில் அந்த நேரத்தில் தெரிவதை அப்படியே ஒரு புது லேயராக எடுத்துக் கொடுக்கும். முதலில் எல்லா லேயரின் கண் குறியையும் அணைத்து, எல்லாவற்றையும் மறைத்தேன். அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, பொட்டை அந்தந்த நுனிக்கு நகர்த்தி, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு புது லேயர் எடுத்து, அதை வேறொரு படத்துக்குக் கொண்டுபோய் அடுக்கினேன். அரை மணி நேரம் ஆனது. ரேடியோ கேட்டுக்கொண்டே செய்யலாம்.

ஒரே தரையை 38 முறை நகலெடுக்கும்போது, நூறு வருடத்துக்கு முந்தைய கார்ட்டூன் பட ஆட்களை நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் வின்சர் மெக்கே காகிதத்தில் ஆயிரக்கணக்கான படம் வரைந்து ஓடவிட்டபோது, ஒவ்வொரு தாளிலும் பின்னணியைத் திரும்பத் திரும்ப வரைவதற்கென்றே ஓர் உதவியாளர் இருந்தார். அசைகிற உருவத்தை மட்டும் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் வரைந்து, ஒரே பின்னணிமேல் வைக்கலாம் என்று ஏர்ல் ஹர்ட் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1914இல். நாம் லேயர் என்று சொல்வது அந்தத் தாளைத்தான். நான் செய்தது, ஹர்டிடமிருந்து திரும்ப மெக்கேயிடம் போன மாதிரி.

38 முழுப்படம் என்றால் ஃபைல் கனமாகும். அனிமேஷன் மெனுவில் ஜிஃப்புக்காகச் சுருக்கும் ஆப்டிமைஸ் இருக்கிறது. முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியதோ அந்தப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். எனக்கு ஃபைல் நன்றாகவே இளைத்தது. அது வேலையைத் தனி நகலில்தான் செய்யும், மூலப்படம் கெடாது. சுருக்கியதில் மேற்கொண்டு திருத்தம் செய்யப் பார்க்காதீர்கள், எல்லாம் துண்டு துண்டாக இருக்கும்.

நிறம் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் வாசல் தரையையே போட்டோ எடுத்துப் பின்னணியாக வைக்கும் ஆசை எனக்கு. ஜிஃப் 1987இல் வந்த வடிவம், ஒரு வண்ணப் பட்டியலில் 256 நிறம்தான். கிம்ப் எல்லா லேயருக்கும் சேர்த்தே ஒரே பட்டியலைப் போடும். ஆயிரம் சாம்பல் நிறம் இருக்கும் சிமெண்ட் தரையை அதற்குள் அடக்க, நிறங்களைப் பொடிப்பொடியாகத் தூவி ஒப்பேற்றுகிறது. தரை முழுக்கப் புள்ளி. எது கோலப்புள்ளி, எது தரைப்புள்ளி என்று தெரியாத கோலம். சாணி தெளித்த மண் தரையின் நிறத்தை ஒரே பூச்சாகப் பூசினேன், பளிச்சென்று வந்தது.

தங்கையின் மகள் இதையே பின்னணி இல்லாமல் ஸ்டிக்கராகக் கேட்டாள். பின்னணியை நீக்கி எக்ஸ்போர்ட் செய்ததும் கோட்டின் ஓரமெல்லாம் ரம்பப் பல். ஜிஃப்பில் ஒரு பிக்சல் ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. பாதி தெரிவது என்பது கிடையாது, அதனால் வழவழப்பான ஓரம் அதற்குப் பிடிபடாது. எந்த நிறத்தின்மேல் வைக்கப் போகிறோம் என்று தெரிந்தால், செமி ஃபிளாட்டன் என்ற ஃபில்டரால் ஓரத்தை மட்டும் அந்த நிறத்தோடு கலந்துவிடலாம். தெரியாவிட்டால் வெப்பி என்ற வேறு பட வடிவத்தில் சேமிப்பது நல்லது, அதில் பாதி தெரியும் ஓரமும் தங்கும்.

என் பெரிய முட்டாள்தனத்தையும் மறைக்கக்கூடாது. நடுவில் ஒரு நாள், பார்ப்பதற்காக எல்லா லேயரையும் ஒன்றாக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் சேமித்து, மூடிவிட்டுத் தூங்கப் போனேன். அச்சகத்தில் தினமும் செய்கிற வேலை அது. காலையில் திறந்தால் ஒரே ஒரு லேயர். 20 வளைவு போயே போச்சு. இப்போது, லேயர்களோடு சேமிக்கும் கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பைத் தினமும் புதுப் பெயரில் சேமிக்கிறேன்: கோலம் 1, கோலம் 2 என்று.

திருத்தியதை அனுப்பும் முன் அம்மாவிடம் போனில் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மூன்று சுற்று பார்த்தார். புள்ளி வைக்கும் வரிசை சரி என்றார். கை எடுக்கும் இடம் சரி என்றார். நான்காவது சுற்றில், “எல்லாம் சரிதான், பூசணிப்பூ எங்கடி?” என்றார்.

39வது லேயர் அப்படித்தான் வந்தது. நடுப்புள்ளிமேல் ஒரு மஞ்சள் பூ. கடைசிக் கோலத்துக்குக் கொடுத்திருந்த மூன்று செகண்டை எடுத்துப் பூவுக்குக் கொடுத்தேன்.

மார்கழி இரண்டாம் நாள் தங்கை படம் அனுப்பினாள். நான்காவது மாடி, லிஃப்டுக்கு எதிரே டைல்ஸ் தரை, சாக்பீஸ் கோலம். இரண்டாவது நீள்வட்டம் மூடும் இடத்தில் கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஒட்டியிருக்கிறாள். நடுவில் பூசணிப்பூவுக்குப் பதில் ஒரு செம்பருத்தி.